டோட்டல் லாஸ்: விபத்தில் அடிபட்ட பைக்கை இன்சூரன்ஸ் கம்பெனி எப்போது கைகழுவுகிறது?

ஜூன் பிறந்துவிட்டால் குற்றாலத்தில் சாரல். ஆகஸ்ட் வரை ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் போகிற சாலைகளில் வெளியூர் வண்டிகள் நிறைந்திருக்கும். ஈரச் சாலையில் பைக் வழுக்கி விழுவதும், கேரளத்துக்குச் செல்லும் கனரக லாரிகளுக்கு நடுவே புளியரை எஸ் வளைவில் ஒதுங்க இடமில்லாமல் தவிப்பதும் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் மக்களுக்குப் புதிதல்ல. அல்லாஹ்வின் கிருபையால் ஆளுக்குப் பெரிய காயம் இல்லையென்றால் அடுத்த கவலை வண்டியைப் பற்றியது. ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் வண்டியைப் பார்த்துவிட்டுப் போன சர்வேயர், சில நாட்கள் கழித்து "இது டோட்டல் லாஸ்" என்கிறார். மெக்கானிக்கோ "ரெடி பண்ணிடலாம் பாய்" என்கிறார். வண்டிக்காரர் குழம்பிப் போகிறார்.

"வண்டி அப்படியொன்றும் நொறுங்கவில்லையே ஹஜ்ரத், ஏமாற்றுகிறார்களா? அந்தப் பணத்தை வாங்கலாமா?" என்று ஜமாஅத்தார் நம்மிடம் கேட்பதுண்டு. கணக்கு தெரியாமல் ஹலால் ஹராம் பேச முடியாது. ஆகவே முதலில் கணக்கு, பிறகு மார்க்கம் என்ற வரிசையிலேயே இதை எழுதுகிறோம்.

கையில் இருப்பது எந்த பாலிசி?

டோட்டல் லாஸ் என்ற பேச்சு வர வேண்டுமானால் நம் வண்டியின் சேதத்துக்கே பாலிசி இருக்க வேண்டும். பலருக்கு அது இல்லை. இல்லை என்பதும் தெரிவதில்லை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸை மட்டுமே. நம் வண்டியால் பிறருடைய உயிருக்கோ உடலுக்கோ பொருளுக்கோ ஏற்படும் பாதிப்பை ஈடுசெய்வது அது. நம் வண்டி சுக்குநூறானாலும் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில் ஓர் உத்தரவு பிறப்பித்தது. அதன்படி 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இரு சக்கர வாகனங்கள் 5 ஆண்டு தேர்டு பார்ட்டி பாலிசியோடுதான் விற்கப்படுகின்றன. நல்ல உத்தரவு. ஆனால் அதனால் ஒரு தவறான நம்பிக்கையும் பரவிவிட்டது. ஷோரூமில் "5 வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று சொல்வதைக் கேட்டு, 5 ஆண்டுக்கும் எல்லாம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பகுதி, அதாவது ஓன் டேமேஜ், பெரும்பாலும் முதல் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். பாலிசித் தாளில் இரண்டு காலாவதித் தேதிகள் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும். இதைப் படித்து முடித்ததும் உங்கள் பாலிசியை எடுத்து அந்த இரண்டாவது தேதியைப் பாருங்கள்.

தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு ஒரே ஒரு வழி உண்டு. தவறு எதிர் வண்டியுடையது என்றால், அந்த வண்டியின் தேர்டு பார்ட்டி பாலிசியிலிருந்து நம் பைக்கின் சேதத்தைக் கோரலாம். அதற்கு வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். போலீஸில் வழக்குப் பதிவாகியிருக்க வேண்டும். "பேசி முடிச்சுக்கலாம்" என்று சம்பவ இடத்திலேயே கலைந்துவிட்டால் அந்தக் கதவு ஏறக்குறைய அடைபட்டுவிடும்.

ஐ.டி.வி. என்ற ஒற்றை எண்

ஓன் டேமேஜ் பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். வண்டி முழுதாக அழிந்தாலோ திருடு போனாலோ கம்பெனி கொடுக்க ஒப்புக்கொண்ட உச்சத் தொகை அது. 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகளில் இதற்கான அட்டவணை இருக்கிறது. 2007க்குப் பிறகு பிரீமியத்தை அந்தந்தக் கம்பெனியே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று ஆனபோதும், இந்தக் கணக்கு முறை நீடித்தது.

கம்பெனி அறிவித்த விற்பனை விலையில் தேய்மானம் கழிப்பார்கள். பதிவுக் கட்டணமும் இன்சூரன்ஸ் கட்டணமும் அந்த விலையில் சேராது. 6 மாதத்துக்கு உட்பட்ட வண்டிக்கு 5 சதவீதமும், 6 மாதம் முதல் ஓராண்டு வரை 15 சதவீதமும் கழியும். ஓராண்டைத் தாண்டினால் 20, இரண்டைத் தாண்டினால் 30, மூன்றைத் தாண்டினால் 40, நான்கைத் தாண்டினால் 50 சதவீதம். ஐந்து ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு அட்டவணை கிடையாது. கம்பெனியும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்வதே மதிப்பு. "பேசி" என்று விதி சொல்கிறது. நடப்பில் ஏஜெண்ட் ஒரு எண்ணைப் போடுகிறார், நாம் கையெழுத்துப் போடுகிறோம்.

ஐ.டி.வி. குறைந்தால் பிரீமியமும் குறையும். புதுப்பிக்கும்போது நூறு இருநூறு ரூபாய் மிச்சமாகிறதே என்று ஐ.டி.வி.யைக் குறைத்துக்கொள்பவர்கள் நம்மில் நிறைய. சர்வேயர் சொல்லும் தீர்ப்பில் பாதியை அந்த நாளிலேயே அவர்கள் எழுதிவிடுகிறார்கள். எப்படியென்று பார்ப்போம்.

நூற்றுக்கு எழுபத்தைந்து

விதி இதுதான்: வண்டியை மீட்டு எடுத்துப் பழுதுபார்க்க, பாலிசியின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆகும் மொத்தச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அது 'கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ்'. வண்டி உண்மையில் அழிந்துவிடவில்லை. ஆனாலும் அழிந்ததாகவே வைத்துக் கணக்கை முடிப்பார்கள். சொல் கப்பல் இன்சூரன்ஸிலிருந்து வந்தது. கரை தட்டிய கப்பலை மீட்பதற்குக் கப்பலின் விலையைவிட அதிகம் செலவாகுமென்றால் அதைக் கைவிட்டு முழுத் தொகையைக் கேட்கலாம் என்பது கடல் வணிகர்களின் பழைய ஏற்பாடு. நம் நாட்டின் 1963ஆம் ஆண்டு கடல்சார் இன்சூரன்ஸ் சட்டத்திலும் அது இருக்கிறது. மரைக்காயர்களின் கப்பல்களுக்குப் பொருந்திய தத்துவம் இன்று 100 சி.சி. பைக்குக்குப் பொருந்துகிறது.

ஒர்க்‌ஷாப் கொடுக்கும் எஸ்டிமேட் தொகையை அப்படியே இந்த 75 சதவீதத்தோடு ஒப்பிடுவதில்லை. எதை மாற்ற வேண்டும், எதைப் பெண்டு எடுத்தால் போதும், எது பழைய சேதம் என்று சர்வேயர் பிரிப்பார். பிறகு ஒவ்வொன்றிலும் தேய்மானம் கழிப்பார். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், டியூப், பேட்டரி ஆகியவற்றுக்கு, வண்டி எவ்வளவு புதிதானாலும், 50 சதவீதம் கழியும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்பு முதலான உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழியும்: 6 மாதம் வரை ஒன்றுமில்லை, ஓராண்டு வரை 5, பிறகு ஆண்டுக்காண்டு 10, 15, 25, 35; ஐந்திலிருந்து பத்து ஆண்டு வரை 40, அதற்கு மேல் 50 சதவீதம். பெயிண்ட் கூலியில் கால் பங்கைப் பொருள் செலவாக வைத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். லேபர் கூலிக்குக் கழிவு கிடையாது. கடைசியில் கட்டாயக் கழிவாக, இரு சக்கர வாகனத்துக்கு ரூ.100.

ஓர் உதாரணம் போடுவோம். அறிவிக்கப்பட்ட விலை ரூ.90,000. இரண்டாண்டு முடிந்து மூன்றாவது ஆண்டு நடக்கிறது. ஐ.டி.வி. ரூ.63,000. அதில் 75 சதவீதம் ரூ.47,250. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்டிமேட்டில் உலோகப் பாகங்கள் ரூ.34,000, பிளாஸ்டிக், ரப்பர், டயர் ரூ.16,000, பெயிண்ட் ரூ.4,000, லேபர் ரூ.8,000, ஆக மொத்தம் ரூ.62,000. தேய்மானம் போக உலோகத்துக்கு 28,900, பிளாஸ்டிக் வகைக்கு 8,000, பெயிண்டுக்கு 3,500, லேபருக்கு 8,000, சேர்த்தால் ரூ.48,400. கட்டாயக் கழிவு ரூ.100 போனால் ரூ.48,300. இது 47,250ஐத் தாண்டிவிட்டது. டோட்டல் லாஸ்.

இதே வண்டியில் சைலன்சரை மாற்றாமல் சரிசெய்துகொள்ளலாம் என்று சர்வேயர் முடிவு செய்து, உலோகக் கணக்கு ரூ.32,000 ஆக இறங்கியிருந்தால்? கம்பெனியின் பங்கு ரூ.46,600 ஆகியிருக்கும். எல்லைக்குக் கீழே. வண்டியைப் பழுதுபார்க்கத்தான் வேண்டும். மொத்தச் செலவு ரூ.60,000இல் மீதி ரூ.13,400 நம் கையிலிருந்து போகும். இரண்டாயிரம் ரூபாய் பாகம் ஒன்று முடிவையே மாற்றிவிடுகிறது. ஆகவே சர்வேயர் வரும்போது நாமோ, விவரம் தெரிந்த ஒருவரோ அங்கே இருப்பது அவசியம். எந்தப் பாகம் மாற்றம், எந்தப் பாகம் பழுது என்ற பட்டியலை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி பழைய வண்டி. ஒன்பது வயது, ஒப்புக்கொண்ட ஐ.டி.வி. ரூ.18,000, எல்லை ரூ.13,500. முன் ஃபோர்க், ரிம், டேங்க், சைலன்சர் என்று உலோகம் ரூ.16,000, ஹெட்லைட், மட்கார்டு என்று பிளாஸ்டிக் ரூ.4,000, லேபர் ரூ.3,500. தேய்மானம் போக 9,600, 2,000, 3,500, ஆக ரூ.15,100. டோட்டல் லாஸ். பார்ப்பதற்கு முன்பக்கம் மட்டும் அடிபட்ட வண்டி. நாலு நாளில் ஓட்டிக்கொண்டு போகலாம். மெக்கானிக் சொன்னது பொய்யில்லை, சர்வேயர் சொன்னதும் பொய்யில்லை. ஒருவர் இரும்பைப் பார்த்துச் சொன்னார், மற்றவர் விகிதத்தைப் பார்த்துச் சொன்னார். பிரீமியத்துக்குப் பயந்து ஐ.டி.வி.யைக் குறைத்த புது வண்டிக்கும் இதே கதிதான்: எல்லை கீழிறங்கும், வருகிற தொகையும் சிறுத்துப் போகும்.

ஜீரோ டெப் என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்தவர்களுக்குப் பாகங்களில் தேய்மானம் கழிவதில்லை. ஆனால் கம்பெனி ஏற்க வேண்டிய பழுதுச் செலவு அதனாலேயே உயர்ந்து, 75 சதவீதத்தைச் சீக்கிரம் தொட்டுவிடுகிறது. டோட்டல் லாஸில் ஜீரோ டெப் ஐ.டி.வி.க்கு மேல் எதையும் தராது. அதற்கு 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற வேறு சேர்க்கை இருக்கிறது.

விகிதம் ஒருபுறமிருக்க, சேசிஸ் வளைந்திருந்தால் பெரும்பாலும் பேச்சு முடிந்தது. சேசிஸ் எண் அதில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலக நடைமுறைகள் உண்டு, விலையும் அதிகம். பெண்டு எடுத்த சேசிஸை நம்பிக் குடும்பத்தைப் பின்னால் உட்கார வைத்துச் செல்வது நமக்கும் உகந்ததாகத் தெரியவில்லை.

மீட்புச் செலவு பற்றி ஒரு வார்த்தை. வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக இரு சக்கர வாகனத்துக்கு வழக்கமான பாலிசி அனுமதிப்பது அதிகபட்சம் ரூ.300. புளியரையிலிருந்து தென்காசிக்கு லோடு ஆட்டோ பிடித்தவருக்கு இதன் நகைச்சுவை புரியும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கும் இதே கணக்குதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது நினைவிருக்கும். வெள்ளம் ஓன் டேமேஜ் பாலிசியில் அடங்கும் ஆபத்துதான். ஆனால் தண்ணீர் புகுந்த வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்து, அதனால் என்ஜின் கெட்டால், அது வெள்ளத்தால் நேராக வந்த சேதமல்ல என்று கம்பெனி மறுக்கும். தண்ணீர் வடிந்ததும் வண்டியைத் தொடாமல் தகவல் கொடுங்கள்.

குதூரியில் கிழிந்த துணி

இந்தக் கணக்கை முதன்முதலாகப் படித்தபோது நமக்கு மதரஸா நினைவுதான் வந்தது. ஹிஜ்ரி 428இல் மறைந்த இமாம் குதூரி அவர்களின் கிதாப் தமிழக ஹனஃபி மதரஸாக்களில் இன்றும் ஓதப்படுகிறது. அதில் பிறர் பொருளை அபகரித்தல், அழித்தல் பற்றிய பாடத்தில் ஒரு சட்டம் வருகிறது. ஒருவருடைய துணியை மற்றொருவர் சிறிதாகக் கிழித்தால் குறைந்த மதிப்பை மட்டும் கொடுக்க வேண்டும். துணியின் பெரும்பாலான பயனே போய்விடும்படி கிழித்தால் முழு விலையையும் கேட்கும் உரிமை சொந்தக்காரருக்கு வந்துவிடும். பிறருடைய ஆட்டை அறுத்துவிட்டவர் விஷயத்தில் இன்னும் தெளிவு: சொந்தக்காரர் விரும்பினால் ஆட்டை அவரிடமே விட்டுவிட்டு முழு விலை வாங்கலாம், விரும்பினால் ஆட்டைத் தானே வைத்துக்கொண்டு குறைந்த மதிப்பை மட்டும் வாங்கலாம்.

பழுதா, முழு இழப்பா என்ற பிரிப்பும், எஞ்சிய பொருள் யாருக்கு என்ற கேள்வியும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஃபிக்ஹில் பேசப்பட்டவை. ஒரு வேறுபாடு முக்கியம். அங்கே பணம் கொடுப்பவர் சேதப்படுத்தியவர். இங்கே, பிரீமியம் வாங்கிய மூன்றாவது ஆள். ஆகவே லாரிக்காரரின் தவறால் பைக் போனவர் அவரிடமிருந்தோ அவருடைய தேர்டு பார்ட்டி பாலிசியிலிருந்தோ இழப்பீடு பெறுவதில் எந்தச் சங்கடமும் இல்லை. அது அவருடைய ஹக். தன்னுடைய சொந்த ஓன் டேமேஜ் பாலிசியிலிருந்து வாங்கும் பணத்தில்தான் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு.

1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான பிரீமியம் கொண்ட வணிக இன்சூரன்ஸில் ஒப்பந்தத்தையே கெடுக்கும் அளவுக்கு நிச்சயமின்மை இருக்கிறது, ஆகவே அது ஹராம் என்று தீர்மானித்தது. கூட்டுறவு முறையை மாற்றாகச் சொன்னது. வாகனத்துக்குத் தகாஃபுல் பாலிசி தரும் நிறுவனம் நம் நாட்டில் இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தும் தேர்டு பார்ட்டி எடுப்பதில் குற்றமில்லை என்பதில் பெரிய சர்ச்சை கிடையாது. ஓன் டேமேஜ் விஷயத்தில், கட்டிய பிரீமியம் அளவுக்கு வருவதை வைத்துக்கொண்டு மீதியை நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது பல முஃப்திகளின் நிலைப்பாடு. தேவையையும் நாட்டின் சூழலையும் காரணம் காட்டி அனுமதிப்பவர்களும் இருக்கிறார்கள். முதல் கருத்தே பேணுதலானது என்பது நம் எண்ணம். கடன் வாங்கி எடுத்த பைக்கில் அன்றாடப் பிழைப்பு நடத்தும் தொழிலாளி தன் ஊர் ஆலிமிடம் நிலைமையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும். வல்லாஹு அஃலம்.

உடைந்த வண்டி யாருக்கு?

டோட்டல் லாஸ் என்று முடிவானால் இரண்டு வழிகள். வண்டியைக் கம்பெனியிடம் விட்டுவிட்டால் ஐ.டி.வி.யில் கட்டாயக் கழிவு போக மீதி வரும். நம் உதாரணத்தில் ரூ.62,900. வண்டியை நாமே வைத்துக்கொண்டால், உடைந்த நிலையில் அதற்கு என்ன விலை கிடைக்குமோ அதைக் கழிப்பார்கள். பழைய வண்டி வாங்குபவர்களிடம் விலை கேட்டு அந்தத் தொகையைக் கம்பெனி நிர்ணயிக்கும். அது ரூ.15,000 என்றால் நமக்கு ரூ.47,900. லோனில் எடுத்த வண்டியானால் பணம் முதலில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பாக்கிக்குப் போகும், மிஞ்சினால்தான் நமக்கு. மிஞ்சாமல் கடன் தொடர்ந்தால், வண்டியில்லாமல் தவணை கட்ட வேண்டியதுதான்.

பலர் வண்டியை வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுத்து, மறுநாளே யாரோ ஒரு வியாபாரியிடம் ரொக்கத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஆர்.சி. புத்தகமும் சாவியும் கைமாறும். பெயர் மாற்றம் நடக்காது. இந்தக் கட்டுரையில் நாம் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம் இதுதான். அந்த வண்டியை யாரோ சரிசெய்து, யாரோ ஓட்டி, எங்கோ ஒருவரை இடித்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் யார்? ஆர்.டி.ஓ. பதிவேட்டில் பெயர் இருப்பவர். வண்டி பல கை மாறிப் போயிருந்தாலும் பதிவேட்டில் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 6 அன்று ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வண்டிக்கு அப்போது இன்சூரன்ஸ் இருக்காது. லட்சக்கணக்கில் இழப்பீடு என்று தீர்ப்பானால், பதினைந்தாயிரத்துக்கு வண்டியை விற்றவரின் வீட்டுக்கு ஜப்தி நோட்டீஸ் வரும்.

வண்டி இனி ஓடாத அளவுக்கு அழிந்துவிட்டதென்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவின்படி 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைத்து ரத்து செய்ய வேண்டும். டி.என். 76 வண்டிகளுக்கு அது தென்காசி அலுவலகம். ஓடும் நிலையில் விற்பதானால் பெயர் மாற்றம் முடியும்வரை ஆர்.சி.யைக் கைவிடாதீர்கள். கம்பெனியிடமே வண்டியை விட்டாலும், ஆர்.சி. ரத்தானதா, யார் பெயருக்கு மாறியது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரிசெய்து விற்பவருக்கு மார்க்கத்தில் இன்னொரு கடமை உண்டு. கடைவீதியில் குவித்திருந்த தானியத்துக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டிய சம்பவமும், அதை மேலே வைத்து ஜனங்கள் பார்க்கும்படி செய்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்ததும் நாம் அறிந்ததே. டோட்டல் லாஸ் ஆன வண்டி என்பது பைக்கின் ஈரம். அதை மறைத்து விற்றால், குறை தெரிந்த பிறகு வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு ஃபிக்ஹில் உண்டு. வாங்குகிற நாமும் சும்மா இருக்கக் கூடாது. சேசிஸில் புது வெல்டிங் இருக்கிறதா, இடைப்பட்ட ஆண்டில் பாலிசி ஏன் அறுந்தது என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுக்க வேண்டும்.

ஓட்டியவர் யார்?

கிளைம் படிவத்தில் மிக அதிகமாகப் பொய் எழுதப்படும் கட்டம் இது. ஓட்டியது லைசென்ஸ் இல்லாத பதினாறு வயதுப் பையன். எழுதுவது வாப்பாவின் பெயர். பைசாவுக்காகப் பொய்ச் சாட்சி சொல்வது பெரும்பாவங்களில் ஒன்று என்று நாம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் பையனின் காயம் எழுதப்பட்டிருக்கும், சாலையோரக் கேமராவில் முகம் பதிந்திருக்கும். பொய் வெளிப்பட்டால் முழு கிளைமும் போகும். 2019 திருத்தத்துக்குப் பின் 199ஏ பிரிவின்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். எஸ்டிமேட்டை ஊதிப் பெருக்குவதும், பழைய கீறல்களை இந்த விபத்தில் சேர்ப்பதும் இதே வகைதான். "கம்பெனிப் பணம்தானே" என்பது வாதமாகாது.

உரிமையாளரே விபத்தில் மவுத்தாகிவிட்டால், வண்டிக்கு வரும் தொகை அவருடைய விட்டுச்சென்ற சொத்தில் சேரும். கடன் அடைத்து, வஸிய்யத் இருந்தால் நிறைவேற்றி, மீதியை வாரிசுகளுக்கு ஃபராயிள் முறைப்படி பங்கிட வேண்டும். வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள். தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஓட்டியவருக்கு லைசென்ஸும், பாலிசியில் தனிநபர் விபத்துக் காப்பும் இருந்தால், அதற்கான ரூ.15 லட்சம் தனியாகக் கோர வேண்டியது. டோட்டல் லாஸ் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இதைக் கேட்காமல் விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு.

தொகை குறைவு என்று தோன்றினால்

விபத்து நடந்ததும் நின்ற இடத்திலேயே வண்டியைப் பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றே கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் எந்தப் பாகத்தையும் கழற்ற விடாதீர்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் வெளியிட்ட நெறிகளின்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும். 15 நாளில் அறிக்கை வர வேண்டும். அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கூடக் குறைய எதுவும் பேசுவதற்கு அந்தத் தாள் கையில் வேண்டும்.

சந்தை விலை குறைவு என்று சொல்லி ஐ.டி.வி.க்கும் கீழே பேரம் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாலிசிக் காலம் முழுவதும், டோட்டல் லாஸ் கணக்குக்கு, ஐ.டி.வி.யே சந்தை மதிப்பு. இடையில் மேலும் தேய்மானம் கழிக்க விதியில் இடமில்லை. பாலிசி கொடுத்தபோது தானே ஏற்றுக்கொண்ட மதிப்புக்குக் கம்பெனி கட்டுப்பட்டது என்று, ஓரியண்டல் இன்சூரன்ஸ் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2008இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. சர்வேயரின் அறிக்கை முக்கியமானது, ஆனால் அதுவே கடைசி வார்த்தையல்ல என்று 2009இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் வழக்கில் சொன்னது.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தியில்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீல் வேண்டியதில்லை. ரூ.50 லட்சம் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். அந்தத் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், நம்மைக் கட்டுப்படுத்தாது. அதிலும் உடன்பாடில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஒன்றில் மட்டும் கவனம்: 'முழு மற்றும் இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற ரசீதில் கையெழுத்துப் போட்ட பிறகு இந்த இடங்களில் நம் வாதம் பலமிழந்துவிடும். தொகையில் ஆட்சேபம் இருந்தால் அந்த ஆட்சேபத்தைக் கையெழுத்துக்கு மேலேயே எழுதிவிட்டு, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.